பிள்ளைகள் குறைகிறார்கள், தலைகள் மட்டும் ஏன் கூடுகின்றன?

வினாக்குறி

வணக்கம். ஒரு வாரமாக என்னைக் குடைந்துகொண்டிருக்கும் சந்தேகம் இது. ஒரே நாளிதழில், நான்கு நாள் இடைவெளியில் இரண்டு செய்திகள் வந்தன. முதல் செய்தி: இந்தியாவில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 2.0 குழந்தைகள்தான் பிறக்கின்றன, மக்கள்தொகை நிலையாக இருக்கத் தேவையான 2.1-ஐவிட இது குறைவு. இரண்டாவது செய்தி: இந்தியாவின் மக்கள்தொகை இன்னும் பல பத்தாண்டுகளுக்கு ஏறிக்கொண்டேதான் இருக்கும்.

இரண்டு பேர் போய் இரண்டு பேர் வந்தால் கூட்டம் எப்படிக் கூடும்? இரண்டில் ஒரு செய்தி பொய்யா, எனக்குத்தான் கணக்கு வரவில்லையா? அந்த 2.1-இல் ஒட்டிக்கொண்டிருக்கும் 0.1 எதற்கு என்பதும் புரியவில்லை.

நீலவானம்

ஆயுள் கூடிவிட்டது. முதியவர்கள் அதிக நாள் இருக்கிறார்கள். அதனால்தான் கூடுகிறது. அவ்வளவுதான் விஷயம்.

மேசைவிளக்கு

நீலவானம் சொன்னதில் கால்வாசி உண்மை. மீதி முக்கால்வாசியைப் பார்க்க ஆயுளைக் கொஞ்சமும் கூட்டாமல் ஒரு கணக்குப் போடலாம்.

ஒரு கற்பனைத் தீவு. யாரும் உள்ளே வருவதில்லை, வெளியே போவதில்லை. மூன்று தலைமுறைகள் மட்டும்: முதியவர் 100, நடுவயதினர் 200, பிள்ளைகள் 300. மொத்தம் 600. அதாவது 200 பேர் கொண்ட நூறு தம்பதிகள் தலா மூன்று பிள்ளை பெற்றிருக்கிறார்கள்.

இன்றிலிருந்து யாரும் இரண்டுக்கு மேல் பெறுவதில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த தலைமுறையில் அந்த 300 பிள்ளைகள் நடுவயதுக்கு வருகிறார்கள், 300 பிள்ளைகளைப் பெறுகிறார்கள். பழைய நடுவயதினர் 200 பேர் முதியவர்கள் ஆகிறார்கள். பழைய முதியவர் 100 பேர் இறந்துவிடுகிறார்கள். மொத்தம் 200 + 300 + 300 = 800. அதற்கடுத்த தலைமுறையில் 300 + 300 + 300 = 900. அங்கே போய்த்தான் நிற்கிறது.

ஒருவர்கூடக் கூடுதலாக ஒரு நாள் வாழவில்லை, ஒருவரும் இரண்டுக்கு மேல் பெறவில்லை. ஆனாலும் 600 பேர் 900 பேர் ஆகிவிட்டார்கள். வினாக்குறியின் "இரண்டு பேர் போய் இரண்டு பேர் வந்தால்" என்ற வரியில்தான் சிக்கல். போகிறவர்கள் பழைய சிறிய தலைமுறை, வருகிறவர்களைப் பெறுபவர்கள் புதிய பெரிய தலைமுறை. இதற்கு மக்கள்தொகை உந்தம் என்று பெயர்.

இரவுப்பறவை

பிரேக் போட்ட பிறகும் கொஞ்ச தூரம் ஓடி நிற்கும் பஸ் மாதிரி.

மேசைவிளக்கு

எல்லோரும் சொல்லும் உவமைதான். எனக்கு அது பிடிப்பதில்லை. பஸ்ஸில் முன் இருக்கையும் பின் இருக்கையும் ஒரே வேகத்தில்தான் போகின்றன. இங்கே உந்தம் இருப்பது வயது அமைப்பில், அதாவது எந்த வயதில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதில். அதை மறந்தால் உந்தம் ஏதோ மாயசக்தி போலத் தெரியும்.

நிஜ உலகில் பாருங்கள். சீனா 1990களின் தொடக்கத்திலேயே 2.1-க்குக் கீழே இறங்கிவிட்டது. மக்கள்தொகை குறையத் தொடங்கியதோ 2022-இல். ஜப்பான் 1974-இல் கீழே போனது, 2008 வாக்கில்தான் உச்சத்தைத் தொட்டு இறங்க ஆரம்பித்தது. இரண்டிலும் ஏறக்குறைய ஒரு தலைமுறைக்காலம்.

வினாக்குறி

அட! அந்தத் தீவில் 2 என்பதற்குப் பதில் 1.5 பிள்ளை என்று வைத்தால் உடனே இறங்கிவிடும், இல்லையா? நானே போட்டுப் பார்த்தேன்: 200 + 300 + 150 = 650. அப்படியும் ஏறுகிறதே!

முரட்டுப்பேனா

ஏறுவது உண்மை, கணக்கு தவறு. 300 பேர் என்றால் 150 தம்பதிகள். தம்பதிக்கு 1.5 என்றால் 225. ஆகவே 200 + 300 + 225 = 725. அடுத்த தலைமுறையில் 300 + 225 + 169 = 694. அதற்கடுத்து 225 + 169 + 127 = 521. முதலில் ஏறி, பிறகு மெல்ல இறங்கி, பிறகு சடசடவென்று சரிகிறது. ஏறும்போது உதவிய அதே உந்தம் இறங்கும்போதும் வேலை செய்யும். இரண்டு தலைமுறை கழித்து எல்லோரும் திடீரென்று மீண்டும் இரண்டு பெற்றாலும் உடனே நிற்காது, ஏனென்றால் பெறுவதற்கு ஆளே குறைவு.

வந்ததுதான் வந்தேன், என் பழைய புகாரையும் சொல்லிவிடுகிறேன். ஒரு பெண்ணுக்கு இத்தனை குழந்தைகள் என்று சொல்லும் இந்த எண்ணுக்குப் பத்திரிகைகள் "கருவுறுதல் விகிதம்" என்று பெயர் வைத்திருக்கின்றன. கருவுற்றவர்களை யாரும் எண்ணவில்லை. உயிருடன் பிறந்த குழந்தைகளைத்தான் எண்ணுகிறார்கள். இந்தப் பெயரால் வந்த வினை, "விகிதம் சரிந்தது" என்ற செய்தியைப் படித்தவுடன் மலட்டுத்தன்மை பெருகிவிட்டது என்று வாட்ஸ்அப்பில் சுற்றுக்கு விடுகிறார்கள். குழந்தை பெறும் திறன் வேறு, பெற்ற குழந்தைகளின் எண்ணிக்கை வேறு. திருமணமே வேண்டாம் என்று இருப்பவருக்குத் திறன் இருக்கலாம், கணக்கில் அவர் பூஜ்யம். "மகப்பேற்று விகிதம்" என்றாவது எழுதலாம்.

இரவுப்பறவை

மகப்பேறு என்றால் பிரசவ ஆஸ்பத்திரிதான் நினைவுக்கு வருகிறது ஐயா.

முரட்டுப்பேனா

பிரசவத்தைத்தானே எண்ணுகிறார்கள்!

மேசைவிளக்கு

பெயர்ச் சண்டை நடக்கட்டும். நான் "மொத்தக் கருவள விகிதம்" என்றே எழுதுகிறேன், பாடநூல்களில் அதுதான் இருக்கிறது.

0.1-க்கு வருகிறேன். உயிரியல் காரணங்களால் 100 பெண் குழந்தைகளுக்குச் சுமார் 105 ஆண் குழந்தைகள் பிறக்கின்றன. இதை முதலில் கவனித்தவர்களுள் ஒருவர் லண்டன் துணி வியாபாரி ஜான் கிராண்ட். தேவாலயங்களின் ஞானஸ்நான, அடக்கப் பதிவுகளை உட்கார்ந்து கூட்டிப் பார்த்து 1662-இல் வெளியிட்டார். மக்களியல் என்ற துறையே அந்த மனிதரின் கூட்டல் கழித்தலில் தொடங்கியது என்று சொல்வார்கள்.

ஆக, 100 தாய்மார்களுக்குப் பதிலாக 100 மகள்கள் வேண்டுமென்றால் 205 பிரசவம் தேவை. 2.05 வந்துவிட்டது. அந்த 100 மகள்களில் சிலர் தாயாகும் வயதுக்கு முன்பே இறந்துபோகலாம். அதை ஈடுகட்டினால் 2.1-ஐ ஒட்டி வரும். குழந்தை இறப்பு அதிகமாக இருக்கும் சமூகத்தில் இது 2.1-இல் நிற்காது, 3-ஐக்கூடத் தாண்டலாம். பெண் சிசுக்கள் கருவிலேயே கலைக்கப்படும் இடத்திலும் ஏறும். 2.1-ஐ எல்லாக் காலத்துக்கும் எல்லா நாட்டுக்கும் பொதுவான மந்திர எண் போல நினைக்கக் கூடாது.

நீலவானம்

பாலின விகிதத்தில் எனக்கு எப்போதும் குழப்பம். ஒரு கட்டுரையில் 943 என்கிறார்கள், இன்னொன்றில் 106 என்கிறார்கள்.

மேசைவிளக்கு

இரண்டும் ஒன்றேதான். இந்தியாவில் 1,000 ஆண்களுக்கு எத்தனை பெண்கள் என்று சொல்வது வழக்கம். 2011 கணக்கெடுப்பில் 943. மற்ற நாடுகளில் பெரும்பாலும் 100 பெண்களுக்கு எத்தனை ஆண்கள் என்று கேட்பார்கள். 1,000-ஐ 943-ஆல் வகுத்து நூறால் பெருக்கினால் 106. எண் ஏறினால் ஒன்றில் நல்ல செய்தி, மற்றொன்றில் கெட்ட செய்தி. படிக்கும்முன் எது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அரைக்கிணறு

புதியவன். "ஒரு பெண்ணுக்கு 2.0 குழந்தைகள்" என்பதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? இப்போது 20 வயதில் இருக்கும் பெண் இனி எத்தனை பெறுவாள் என்று யாருக்குத் தெரியும்?

மேசைவிளக்கு

இந்த இழையின் முக்கியமான கேள்வி இதுதான். யாருக்கும் தெரியாது. அந்த எண் எந்த உண்மையான பெண்ணையும் பற்றியது இல்லை.

செய்முறை இப்படி. ஓர் ஆண்டில் 15-19 வயதுப் பெண்கள் ஆயிரம் பேருக்கு எத்தனை குழந்தைகள் பிறந்தன, 20-24 வயதில் எத்தனை என்று 45-49 வரை ஏழு பிரிவுகளாக எடுப்பார்கள். உதாரணத்துக்கு 10, 110, 130, 80, 30, 8, 2 என்று வைத்துக்கொள்வோம். கூட்டினால் 370. ஒவ்வொரு பிரிவும் ஐந்தாண்டு என்பதால் ஐந்தால் பெருக்கினால் 1,850. ஆயிரம் பெண்களுக்கு 1,850, ஆகவே ஒருவருக்கு 1.85.

இதன் பொருள்: இந்த ஓர் ஆண்டின் வழக்கத்தையே 15 வயது முதல் 49 வயது வரை வாழ்நாள் முழுக்கக் கடைப்பிடிக்கும் ஒரு கற்பனைப் பெண்ணுக்கு 1.85 குழந்தைகள் பிறக்கும். அப்படி ஒரு பெண் எங்கும் இல்லை. இன்று 45 வயதில் இருப்பவர் தன் 25 வயதை வேறொரு காலத்தில் கழித்தவர்.

அரைக்கிணறு

கற்பனைப் பெண்ணுக்கும் உண்மைப் பெண்ணுக்கும் பெரிய வித்தியாசம் வருமா? வராவிட்டால் இது வெறும் தத்துவம்தானே.

மேசைவிளக்கு

வரும், சில சமயம் தலைகீழாகவே. ஜப்பானில் 1965-இல் விகிதம் 2.14. 1966-இல் 1.58. 1967-இல் 2.23. போர் இல்லை, பஞ்சம் இல்லை. 1966 அவர்களுடைய அறுபதாண்டுச் சுழற்சியில் "நெருப்புக் குதிரை" ஆண்டு. அந்த ஆண்டில் பிறக்கும் பெண்கள் கணவனுக்கு ஆகாதவர்கள் என்றொரு நம்பிக்கை. தம்பதிகள் ஓராண்டு தள்ளிப்போட்டார்கள், அல்லது முன்கூட்டியே பெற்றுக்கொண்டார்கள். அந்தத் தலைமுறைப் பெண்களின் வாழ்நாள் கணக்கை எடுத்தால் இந்தப் பள்ளம் ஏறக்குறைய தெரியவே தெரியாது. ஆண்டுக்கணக்கில் மட்டும் பாதாளம். (அதே குதிரை ஆண்டின் அடுத்த சுற்று 2026.)

ஒரு சமூகமே முதல் குழந்தையை 23 வயதிலிருந்து 29-க்கு மெல்லத் தள்ளிக்கொண்டு போனால், தள்ளும் காலம் முழுக்க ஆண்டுக்கணக்கு தாழ்ந்தே இருக்கும், கடைசியில் எல்லோரும் இரண்டு பெற்றாலும். இந்தக் கால விளைவை நீக்கிப் பார்க்க ஜான் போங்கார்ட்ஸ், கிரிஃபித் ஃபீனி இருவரும் 1998-இல் ஒரு திருத்த முறையை முன்வைத்தார்கள். அதிலும் குறை சொல்பவர்கள் உண்டு.

முரட்டுப்பேனா

அதற்காக "எல்லாம் தள்ளிப்போடல்தான், பயப்பட ஒன்றுமில்லை" என்று ஆறுதல் சொல்லிக்கொள்ளவும் முடியாது. தென்கொரியா 2023-இல் 0.72. தள்ளிப்போட்டதில் பெரும்பகுதி வராமலே போகலாம். 29-க்குத் தள்ளியது 35-க்குப் போய், பிறகு விட்டுப்போய்விடும்.

மேசைவிளக்கு

ஒப்புக்கொள்கிறேன்.

இரவுப்பறவை

விகிதங்கள் இவ்வளவு ஏமாற்றும் என்றால் என் சந்தேகத்தையும் கேட்டுவிடுகிறேன். ஜப்பானில் ஆண்டுக்கு ஆயிரம் பேருக்கு 13 பேர் அளவில் இறக்கிறார்கள். இந்தியாவில் 6, 7 பேர்தான். உலகிலேயே அதிக ஆயுள் என்று பெயர் வாங்கிய நாட்டில் சாவு இரட்டிப்பா?

முரட்டுப்பேனா

இதற்கு நான் பதில் சொல்கிறேன், மேசைவிளக்கு தண்ணீர் குடிக்கட்டும்.

இரண்டு ஊர்கள், தலா ஆயிரம் பேர். முதல் ஊரில் 900 இளையவர், 100 முதியவர். அங்கே ஆண்டுக்கு இளையவரில் ஆயிரத்துக்கு 2 பேர், முதியவரில் ஆயிரத்துக்கு 50 பேர் இறக்கிறார்கள். 1.8 + 5 = 6.8. இரண்டாம் ஊரில் 700 இளையவர், 300 முதியவர். அங்கே மருத்துவம் மேல், இளையவரில் ஆயிரத்துக்கு 1, முதியவரில் ஆயிரத்துக்கு 40. 0.7 + 12 = 12.7. எந்த வயதை எடுத்தாலும் இரண்டாம் ஊரில் வாழ்வதுதான் பத்திரம். ஆனால் பொது இறப்பு விகிதம் ஏறக்குறைய இரட்டிப்பு. முதியவர்கள் நிறைய இருக்கும் இடத்தில் நிறையப் பேர் இறக்கத்தான் செய்வார்கள்.

எதிர்முனையில் கத்தார். உலகின் மிகக் குறைந்த பொது இறப்பு விகிதங்களுள் ஒன்று அங்கேதான். காரணம் மருத்துவமனைகள் மட்டுமில்லை. மக்களில் பெரும்பகுதியினர் வேலைக்கு வந்த நடுவயது ஆண்கள். முதுமை வருவதற்குள் தங்கள் நாட்டுக்குத் திரும்பிவிடுகிறார்கள், இறப்பு அங்கே பதிவாகிறது.

நீலவானம்

அப்படியானால் வயது அமைப்பை நீக்கிய எண் ஆயுட்காலம்தானா? அதிலும் ஒன்று கேட்க வேண்டும். பழைய காலத்தில் சராசரி ஆயுள் 35 என்கிறார்களே, 35 வயதிலேயே கிழவராகிச் செத்தார்களா?

மேசைவிளக்கு

ஆம், பிறப்பின்போதான ஆயுட்காலம் வயது அமைப்பால் பாதிக்கப்படாது. 35-ஐப் பற்றி: பத்துக் குழந்தைகள் பிறக்கின்றன. மூன்று பிறந்த சில நாட்களிலேயே இறந்துவிடுகின்றன. மீதி ஏழு பேரும் சரியாக 60 வயது வரை வாழ்கிறார்கள். 420-ஐப் பத்தால் வகுத்தால் 42. அந்தப் பத்துப் பேரில் ஒருவர்கூட 42 வயதில் சாகவில்லை, 42-ஐ ஒட்டிக்கூட இல்லை. சிசு மரணம் குறைந்ததுதான் சராசரியைத் தூக்கியதில் முதல் பெரிய பங்கு.

இதுவும் ஒரு கற்பனை மனிதரின் கணக்குதான். இந்த ஆண்டின் இறப்பு நிலைமையிலேயே தன் வாழ்நாளைக் கழிப்பவர். சுவீடனிடம் 18-ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து தொடர்ச்சியான பதிவுகள் இருக்கின்றன. அங்கே 1773-இல், பஞ்சமும் நோயும் சேர்ந்த ஆண்டில், ஆயுட்காலம் 20-க்கும் கீழே விழுந்தது. அந்த ஆண்டு பிறந்தவர்கள் 20 வயதுகூடத் தாண்டவில்லை என்று பொருள் இல்லை. அந்தக் கொடும் ஆண்டே வாழ்நாள் முழுக்க நீடித்திருந்தால் என்று பொருள். அடுத்த ஆண்டே நிலைமை மாறிவிட்டது. அமெரிக்காவில் 2019-இல் 78.8 ஆக இருந்தது 2021-இல் 76.4 ஆனதையும் இப்படித்தான் படிக்க வேண்டும்.

கட்டைவிரல்

இதெல்லாம் இருக்கட்டும். எந்தச் சமூகத்தார் அதிகம் பெறுகிறார்கள் என்று

நெறியாளர்

மேலுள்ள பதிவின் மீதியும், அதற்கு வந்த ஏழு பதில்களும் நீக்கப்பட்டன. இந்த இழை கருத்துகளைப் பற்றியது. தொடருங்கள்.

பழைய கணக்கெடுப்பாளர்

வெகுநேரமாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். எல்லோரும் வகுக்கிறீர்கள், பெருக்குகிறீர்கள். அந்த வயதுகள் எப்படி வருகின்றன என்று யாரும் கேட்கவில்லை. நான் இரண்டு கணக்கெடுப்புகளில் வீடு வீடாகப் போனவன்.

ஒரு வீட்டில் ஒரு மூதாட்டி வாசலில் உட்கார்ந்திருந்தார். "அம்மா, வயது என்ன?" என்றேன். "அறுபது என்று எழுதிக்கொள் தம்பி" என்றார். எழுதினேன். அடுத்து அவருடைய மூத்த மகனைக் கேட்டேன். "ஐம்பது." நான் பேனாவை நிறுத்திவிட்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தேன். மகனுக்குத்தான் முதலில் உறைத்தது. அவர் சிரித்துவிட்டு, தனக்கு "ஐம்பதுக்குப் பக்கம்" என்றார். அன்று மாலை படிவங்களைப் புரட்டியபோது 40, 45, 50, 60 என்றே ஓடியது. 47 என்று சொன்னவர் அந்தத் தெருவிலேயே ஒருவர்தான்.

மேசைவிளக்கு

ஐயா, நீங்கள் வந்தது நல்லதாயிற்று. இதை அளக்கவே விப்பிள் குறியீடு என்று ஒன்று இருக்கிறது. 23 முதல் 62 வயது வரை உள்ளவர்களில், 0-விலும் 5-இலும் முடியும் வயதைச் சொன்னவர்கள் எத்தனை பேர் என்று பார்ப்பார்கள். இயல்பாக இருந்தால் ஐந்தில் ஒரு பங்கு, அப்போது குறியீடு 100. எல்லோருமே 0, 5 என்றால் 500. அதனால்தான் வயதுகளை ஐந்தைந்தாகக் கட்டிப் பயன்படுத்துகிறோம். மக்கள்தொகைப் பிரமிடை, அதாவது எந்த வயதில் எத்தனை பேர் என்று காட்டும் வரைபடத்தை, ஒற்றை வயதுகளாக வரைந்தால் பல நாடுகளில் அது சீப்புப் பல் போலத்தான் இருக்கும்.

அரைக்கிணறு

பிறப்பு, இறப்பு இரண்டையும் பேசிவிட்டோம். இடப்பெயர்வு?

மேசைவிளக்கு

சமன்பாடு எளிது. இறுதி மக்கள்தொகை என்பது தொடக்க மக்கள்தொகையுடன் பிறப்பைக் கூட்டி, இறப்பைக் கழித்து, உள்ளே வந்தோரைக் கூட்டி, வெளியே போனோரைக் கழித்தது. நான்கில் மோசமாக அளக்கப்படுவது கடைசி இரண்டும்தான். பிறப்பும் இறப்பும் ஒருமுறைதான் நிகழும், சான்றிதழ் கிடைக்கும். ஒருவர் பத்து முறை இடம் மாறலாம், யாரிடமும் சொல்லாமலும் மாறலாம். எத்தனை மாதம் தங்கினால் "குடியேறியவர்" என்பதையே நாடுகள் வெவ்வேறாக வரையறுக்கின்றன. பல இடங்களில் மக்கள்தொகை மாற்றத்தில் பிறப்பு, இறப்பு இரண்டின் பங்கையும் நீக்கிவிட்டு, மிஞ்சுவதை இடப்பெயர்வின் தலையில் கட்டிவிடுகிறார்கள். எண்ணாமல் விட்டுப்போனவர்களும் அந்த மிச்சத்துக்குள் ஒளிந்திருப்பார்கள்.

இரவுப்பறவை

பள்ளியில் படித்த "நிலைமாற்றக் கோட்பாடு" பற்றி யாரும் பேசவில்லையே. முதலில் இறப்பு குறையும், பிறகு பிறப்பு குறையும், இடைப்பட்ட காலத்தில் மக்கள்தொகை பெருகும்.

முரட்டுப்பேனா

வரைபடம் அழகாக இருக்கும், தேர்வில் மதிப்பெண்ணும் கிடைக்கும். பிரான்ஸ் அதைப் படிக்கவில்லை. அங்கே 18-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே, தொழிற்சாலைகள் வருவதற்கு முன்பே, பிறப்பு இறங்கத் தொடங்கிவிட்டது. கோட்பாடு என்பதைவிட, நடந்ததைத் தொகுத்துச் சொன்ன விவரணை என்றே நான் எடுத்துக்கொள்வேன். எல்லா நாடும் ஏறக்குறைய அந்தப் பாதையில் போயிருப்பது உண்மை. எப்போது, எவ்வளவு வேகமாக, எங்கே நிற்கும் என்பதை அது சொல்லாது. 2.1-இல் வந்து நிற்கும் என்று பலர் தாமாகவே நினைத்துக்கொண்டார்கள். தென்கொரியாவைப் பார்த்தோமே.

வினாக்குறி

எல்லோருக்கும் நன்றி. என் இரண்டு செய்திகளையும் மீண்டும் எடுத்துப் படித்தேன். 2.0 என்பது ஓர் ஆய்வுக் காலத்தின் கற்பனைப் பெண். "இன்னும் ஏறும்" என்பது ஏற்கெனவே பிறந்து வளர்ந்துகொண்டிருக்கும் உண்மையான பிள்ளைகள். இரண்டும் உண்மை. உலகத்துக்கும் இதே கதைதான் போலிருக்கிறது. வளர்ச்சி விகிதம் 1960களில் 2 சதவீதத்தைத் தாண்டி உச்சம் தொட்டுப் பிறகு இறங்கிவிட்டது. ஆனாலும் 1999-இல் 600 கோடி, 2011-இல் 700 கோடி, 2022-இல் 800 கோடி. ஐநாவின் 2024 கணிப்பில் 2080களின் நடுவில் சுமார் 1,030 கோடியில் உச்சம்.

ஒன்றே ஒன்று மட்டும் பாக்கி. கணக்கெடுப்பாளர் ஐயா, அந்த அம்மாவுக்குக் கடைசியில் என்ன வயது எழுதினீர்கள்?

பழைய கணக்கெடுப்பாளர்

திருமணம் எப்போது, முதல் பிள்ளை எப்போது, பெரிய வெள்ளம் வந்தபோது எத்தனை பிள்ளைகள் என்று அரைமணி நேரம் அவரோடு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். அறுபத்தெட்டு, அறுபத்தொன்பது வந்தது. "அறுபத்தெட்டு என்று எழுதட்டுமா அம்மா?" என்று கேட்டேன்.

"எதற்கு இழுபறி? எழுபது என்று போடு" என்றார்.

எழுபது என்றே போட்டேன்.